தோட்டம் போன பிறகும் ரசீதுப் புத்தகம் ஏன் வருகிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்து இப்போது கோலாலம்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஊருக்கு வரும்போது உதவி நிதிச் சங்கத்தார் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நிற்கிறார்களே, தோட்டமே இல்லாதபோது தோட்டத்துச் சங்கம் எதற்கு? இதை யார், எப்போது தொடங்கினார்கள்? கொடுக்கிற பணம் எங்கே போகிறது?

சந்தேகத்தோடு கேட்டிருந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர், தோட்டத்துக் கோயில் கமிட்டியில் கணக்கு எழுதியவர். நானும் பட்டணத்துக்கு வந்த பிறகு இப்படி ஒரு சங்கத்தில் பல ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். பார்த்ததையும் பெரியவர்களிடம் கேட்டதையும் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

யார் தொடங்கினார்கள் என்றால் ஒரு பெயரைச் சொல்ல முடியாது. இந்தச் சங்கங்களைத் தொடங்கி வைத்தது சாவுதான்.

தோட்டத்தில் சம்பளம் மாதம் ஒரு தடவை. மாத நடுவில் எந்த லயத்து வீட்டிலும், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலும், கையில் காசு இருக்காது. அரிசியும் பருப்பும் கடையில் கணக்கில் எழுதி வாங்கியது. அந்த நேரத்தில் ஒரு சாவு விழுந்தால்? சவப்பெட்டி பட்டணத்துக் கடையிலிருந்து வர வேண்டும். லாரி வேண்டும், குழி வெட்ட ஆள் வேண்டும், தப்படிக்க ஆள் வேண்டும், பந்தலும் வந்தவர்களுக்குக் காப்பித் தண்ணியும் வேண்டும். நம் ஊர் வெயிலில் பிணம் சம்பள நாள் வரை காத்திருக்காது. கடன் வாங்கினால் அந்தக் குடும்பம் வட்டியிலிருந்து மீள ஆண்டுக்கணக்காகும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தோட்டத்தில் ஒரு சாவு என்றால் ஒவ்வொரு குடும்பமும் இவ்வளவு என்று ஒரு தொகை. அன்றே யாரும் கையில் கொடுக்க வேண்டியதில்லை. முதலில் பெட்டியில் இருக்கிற காசையோ கடையில் வாங்கிய கடனையோ வைத்துக் காரியம் நடக்கும். சம்பள நாளில் செக்ரோலை (சம்பளப் பெயர்ப் பட்டியலை) பார்த்துக் கிராணி (ஆபீஸ் குமாஸ்தா) பிடித்துக்கொடுப்பார், அல்லது கமிட்டி ஆள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து வாங்கிக்கொள்வார். இதற்கு மரண சகாய நிதி என்று பெயர். எங்கள் அப்பா 'சாவு காசு' என்றே சொல்வார்.

இதில் நான் முக்கியமாக நினைப்பது தொகை எல்லாருக்கும் ஒன்று என்பதை. கங்காணி வீட்டுக்கும் அதே காசு, வாய்க்கால் சுத்தம் செய்கிறவர் வீட்டுக்கும் அதே காசு. கங்காணி அதிகம் கொடுத்துப் பெயர் வாங்க முடியாது. ஏழை குறைத்துக் கொடுத்துத் தலைகுனிய வேண்டியதும் இல்லை. வாங்குகிற வீட்டுக்காரர் யாருக்கும் கடமைப்பட்டவர் ஆகமாட்டார், ஏனென்றால் போன மாதம் அவரும் கொடுத்திருக்கிறார், அடுத்த மாதமும் கொடுப்பார். ஊரில் கல்யாண மொய் எழுதுகிற பழக்கத்தோடு வந்தவர்களுக்கு இது புதிதில்லை. மொய்யில் அவரவர் தகுதிக்கு எழுதுவார்கள். இங்கே எல்லாருக்கும் ஒரே வரி, அதுதான் வேறுபாடு. அதனால்தான் இதைத் தருமம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. இது முறைக்காசு.

கோயில் வரியும் இதே பாதையில் போனது. ஆண்டுத் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று சம்பளத்தில் பிடிப்பார்கள். மிச்சம் விழுந்தால் அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சிலேட்டு வாங்கவும், நோயாளியைக் கோலகங்சார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் பயன்பட்டது. கோயில் கமிட்டி, சாவு காசு, பள்ளிக்கூடக் காசு என்று மூன்று கணக்கும் ஒரே தகரப் பெட்டியில், ஒரே கையெழுத்தில் இருந்த தோட்டங்கள் உண்டு. எங்கள் தோட்டம் அப்படித்தான். பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி கோயில் தலைவரிடம், இன்னொன்று தொழிற்சங்கக் கிளைச் செயலாளரிடம். இரண்டு பேருக்கும் ஆகாது. அதனால்தான் சாவியை அவர்களிடம் கொடுத்தோம் என்று அப்பா சொல்வார்.

பிடி அரிசியும் இருந்தது. அம்மா உலை வைப்பதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனி டின்னில் போடுவார். மாதக் கடைசியில் அந்த வரிசைப் பெண்கள் எல்லா டின்னையும் ஒன்றாகக் கொட்டி, பிரசவமான வீட்டுக்கோ புருஷனை இழந்த வீட்டுக்கோ கொண்டுபோய் வைப்பார்கள். எந்த நோட்டிலும் அது ஏறவில்லை. வரலாறு எழுதுகிறவர்கள் சங்கத் தலைவர்களின் பெயரை எழுதுகிறார்கள், இந்தப் பெண்களை விட்டுவிடுகிறார்கள். அது தவறு என்று எனக்கு எப்போதுமே தோன்றும்.

அரசாங்கமும் முதலாளிகளும் ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்கலாம். நம் பெயரில் பணம் இருக்கத்தான் செய்தது. 1907-இல் இந்தியக் குடியேற்ற நிதி என்ற ஒன்றை ஏற்படுத்தினார்கள். தோட்ட முதலாளிகள் கட்டிய வரியிலிருந்து, தென்னிந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவரும் செலவை அது ஏற்றது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1958-இல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதி ஆனது. 1999-இல் அந்த நிதியே கலைக்கப்பட்டது. ஏறக்குறைய 90 ஆண்டுகள் நம் பெயரைச் சுமந்த பணம் அது. லயத்து மக்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியும்? என் அப்பாவுக்குத் தெரியாது. தகரப் பெட்டியில் இருந்த கணக்கோ அவருக்குக் காசுக் கணக்காக மனப்பாடம். கணக்கு நம் கண்ணெதிரில் இருந்தால்தான் பணம் நம்முடையது. அந்தக் காலத்திலிருந்து இந்தச் சங்கங்கள் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள். ஆனால் பல இடங்களில் அது ஒரு கொட்டகை, பாடம் சொல்பவர் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கிராணி. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்று மலாயாவுக்கு ஆள் போவதை நிறுத்தியது. அது வரை பத்து வருஷம் உழைத்துவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று இருந்தவர்கள், இனி இங்கேயேதான் என்று உணர ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் இங்கே படிக்க வேண்டும், பெரியவர்களை இங்கே புதைக்க வேண்டும். சாவுக்காக மட்டும் இருந்த காசு படிப்புக்கும் திரும்பியது இந்தக் காலத்திலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஜப்பான்காரன் காலம். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் வந்தபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பணமும் நகையும் ஏராளம். தாலியைக் கழற்றிக் கொடுத்த பெண்கள் உண்டு. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நம் கதைக்கு வேண்டியது வேறொன்று. கமிட்டிப் பெட்டியில் இருந்ததெல்லாம் ஜப்பான் நோட்டு, வாழைமரம் போட்டது. 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அந்த நோட்டு செல்லாக் காசாகிவிட்டது. பெட்டி நிறையக் காகிதம் வைத்திருந்த தோட்டங்கள் மறுபடி ஐந்து காசு, பத்துக் காசிலிருந்து தொடங்கின.

தொடங்கிய மூன்றே ஆண்டில், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம். 1948 ஜூன் 16-ஆம் தேதி, நம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதோடுதான் அது ஆரம்பமானது. ஊரடங்கு, முள்வேலி, அரிசிக்கு அளவு. இரவில் கோயில் வாசலில் கூட்டம் போட்டுப் பேசுவதே ஆபத்தான காரியமாகிவிட்டது. யாருக்குப் பணம் சேர்க்கிறீர்கள் என்று விசாரணை வரும். பால் நிறுத்து முடித்த மதிய நேரத்தில், கிராணிக்குச் சொல்லிவிட்டு, வெட்டவெளியில் உட்கார்ந்து கணக்குப் படித்தோம் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். எதற்கு வசூல், யாருக்குச் செலவு என்பதை எழுத்தில் வைக்கும் பழக்கம் அந்தப் பயத்தில் இன்னும் கெட்டியானது.

சரி, இனி 1950-கள். இந்தப் பத்தாண்டை நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சாவு காசாக இருந்த ஒன்று இந்தக் காலத்தில்தான் நாட்டளவுக்கு வளர்ந்தது.

1954-இல் தோட்டத் தொழிலாளர்களின் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதே 1954-இல்தான் நம் பட்டணத்தில் மகாத்மா காந்தி கலாசாலையை விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தார். அந்தப் பள்ளிக்குப் பின்னால் நின்றவர் நம் ஊர்க்காரரான வீ. தி. சம்பந்தன். அவருடைய அப்பா வீராசாமி 1896-இல் மலாயாவுக்கு வந்து ரப்பர் தோட்டம் வைத்தவர். மகன் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்துத் திரும்பினார். பள்ளி திறந்த மறு ஆண்டு, 1955-இல், மலாயா இந்தியர் காங்கிரஸின் தலைவராகி, 1973 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இன்னொரு வசூலும் அப்போது நடந்தது. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தொடங்குவது பற்றிப் பேச்சு வந்தபோது, அங்கே தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் எழுப்பினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். பெரிய முதலாளிகளை மட்டும் அவர் நம்பவில்லை, தோட்டத்து மக்களிடமும் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று வாங்கினார். 1956-இல் துறை வந்தது. திரட்டிய பணம் தமிழ் நூல்கள் வாங்க உதவியது. பிறகு தனிநாயகம் அடிகள் அந்தத் துறைக்குத் தலைவராக வந்ததும், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்ததும் எல்லாரும் அறிந்தவை. பல்கலைக்கழக வாசலையே பார்க்காத ஒரு பால்வெட்டு ஆள், பல்கலைக்கழகத்துப் புத்தக அலமாரிக்குக் காசு கொடுத்திருக்கிறார். எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அந்த மக்களுக்கு அது ஏன் எளிதாக வந்தது? மாதாமாதம் முறைக்காசு கொடுத்துப் பழகிய கை. எதற்கு என்று தெளிவாகச் சொன்னால் போதும், கொடுப்பார்கள்.

ஆனால் இதே நேரத்தில் ஒரு பேரிடி இறங்கிக்கொண்டிருந்தது. சுதந்திரம் நெருங்க நெருங்க வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் மொத்தமாக வைத்துக்கொள்ளவில்லை. பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று துண்டு போட்டு விற்றார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்கிறோம். துண்டை வாங்கியவருக்கு இருநூறு குடும்பம் எதற்கு? நாலு பேர் போதும், அதுவும் ஒப்பந்தக் கூலிக்கு. லயம் இடிபடும், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை இருக்காது, கோயிலுக்கு விளக்கு வைக்க ஆள் இருக்காது.

துண்டாடலில் வேலையும் வீடும் போனதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். அதோடு சேர்ந்து செக்ரோலும் போனது. செக்ரோல் போனால் சாவு காசு யாரிடம் பிடிப்பது? ஒரே சம்பள நாள், ஒரே ஆபீஸ், ஒரே பெயர்ப் பட்டியல் என்ற மூன்றின்மேல்தான் அந்த நிதி நின்றது. பட்டியல் கலைந்ததும், பல பத்தாண்டுகளாக யாரும் சட்டம் போடாமலேயே நடந்துவந்த ஏற்பாடு ஒரே மாதத்தில் நின்றுபோன தோட்டங்கள் இருக்கின்றன.

இந்த இடத்தில்தான் சம்பந்தன் செய்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. அப்போது அவர் அமைச்சர். தோட்டம் தோட்டமாகப் போய் மக்களிடம் பேசினார். விற்பனைக்கு வருகிற தோட்டத்தை நாமே வாங்குவோம், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நூறு வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு, நீங்களும் முதலாளி என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. பத்து வெள்ளி என்பது அப்போது சில நாள் கூலி. சாவு காசு மாதிரி சில்லறை இல்லை. ஆனாலும் போட்டார்கள். கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அதுதான் சங்கத்தின் முதல் தோட்டம். அடுத்தடுத்துப் பல தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன.

யோசித்துப் பாருங்கள். முறையில் புதிதாக ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் ஒரே தொகை, மாதாமாதம், பெயர் எழுதி, ரசீது கொடுத்து. அது வரை பிணத்தை எடுக்க உதவிய அந்த முறை, தோட்டத்தையே வாங்கப் போதுமானது என்று காட்டியதுதான் அவர் செய்தது. அந்தச் சங்கத்தின் பின்னாளைய வரலாற்றில் எல்லாம் சரியாக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கத்தினர் மனக்குறை எங்கும் உண்டு. ஆனால் 1960-இல் ஒரு தோட்டத் தொழிலாளி தன் பெயர் அச்சடித்த பங்குப் பத்திரத்தைக் கையில் வாங்கியபோது என்ன நினைத்திருப்பார் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. எங்கள் வீட்டில் அது சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. சம்பந்தன் 1979 மே 18-இல் காலமானார். கோலாலம்பூரில் சங்கத்தின் கட்டடம் இன்றும் அவர் பெயரில் விஸ்மா துன் சம்பந்தன் என்று நிற்கிறது.

1969-க்குப் பிறகு வேலை பெர்மிட் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்றதும் பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். அந்த மாதங்களில் சாவு காசுப் பெட்டியிலிருந்து உயிரோடு இருப்பவர்களுக்குக் கப்பல் செலவு கொடுக்க வேண்டியிருந்தது. அப்பா அதை அதிகம் பேசமாட்டார்.

மிச்சம் இருந்தவர்கள் மெல்ல மெல்லப் பட்டணத்துக்கு வந்தார்கள். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது, செம்பனைக்கு ஆள் குறைவு, அப்புறம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். சுங்கை சிப்புட்டைச் சுற்றிய தாமான்களில் (பட்டணத்துக் குடியிருப்புகளில்) இன்று வாழ்பவர்களில் எத்தனையோ பேருடைய வீட்டு முகவரிக்குப் பின்னால் ஒரு தோட்டத்தின் பெயர் இருக்கிறது. கேட்டால் எந்தத் தோட்டம், எந்த லயம் என்று சொல்வார்கள்.

தம்பியின் முதல் கேள்விக்கு இங்கேதான் பதில். தோட்டம் போனது, ஆட்கள் போகவில்லை. ஒரே தோட்டத்து ஆட்கள் நாலைந்து தாமான்களில் சிதறியபோது, செக்ரோல் இல்லாத குறையைத் தீர்க்கத்தான் வீடு வீடாக ரசீதுப் புத்தகம் வந்தது. முன்பு கிராணி சம்பளத்தில் பிடித்ததை இப்போது ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து வாங்குகிறார். வேலை அதேதான்.

ஆனால் பட்டணத்துக்கு வந்ததும் சட்டமும் வந்தது. 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி, ஏழு பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தாலே அது சங்கம், பதிய வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தி, 60 நாளுக்குள் கணக்கையும் பொறுப்பாளர் பட்டியலையும் சங்கப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். பலருக்குத் தெரியாத இன்னொன்று, வீடு வீடாகவோ தெருவிலோ பொதுமக்களிடம் வசூல் செய்ய 1947-ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அதற்குப் போலீஸிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். சங்கம் பதிந்தாகிவிட்டது, அது போதும் என்று நினைப்பது தவறு. நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு வேண்டும் என்றால், வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அந்த அமைப்பு தனியாக அனுமதி பெற்றிருக்க வேண்டும். நம் ஊர்ச் சின்னச் சங்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அனுமதி இருக்காது. இருக்கிறது என்று யாராவது சொன்னால் எண்ணைக் கேளுங்கள்.

இங்கே 'கூட்டு' பற்றியும் ஒரு வார்த்தை. பெண்கள் மாதாமாதம் காசு போட்டு முறை வைத்து எடுக்கிற கூட்டு நம்மோடு வந்த பழக்கம். அந்தச் சொல்லே மலாய் மொழியில் குத்து (kutu) என்று ஏறி, 1971-இல் அதைத் தடைசெய்து வந்த சட்டத்தின் பெயரிலும் உட்கார்ந்துவிட்டது. ஒருவர் ஏமாற்றிவிட்டு ஓடினால் பத்துக் குடும்பம் தெருவுக்கு வரும், அதனால் தடை. கூட்டும் உதவி நிதியும் வேறு. கூட்டில் போட்டதை நீங்களே எடுப்பீர்கள். உதவி நிதியில் போட்டது திரும்பி வராமல் இருந்தால் நல்லது, ஏனென்றால் அது வருகிற நாள் உங்கள் வீட்டில் துக்கம் நடக்கிற நாள். சங்கப் பணத்தைக் கூட்டில் போட்டுப் பெருக்குவோம் என்று யாராவது யோசனை சொன்னால் அன்றே தடுத்துவிடுங்கள்.

இப்போது கடைசிக் கேள்வி, பணம் எங்கே போகிறது.

முன்பு நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சாவுக்குப் போனது. இப்போது அப்படி இல்லை. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இருக்கிறது, ஊழியர் சேமநிதி இருக்கிறது. நிலையான வேலையில் இருந்தவர் இறந்தால் குடும்பத்துக்கு ஏதோ வருகிறது. ஆனால் அது வரக் காகிதம் வேண்டும், நாள் வேண்டும். முதல் இரண்டு நாள் செலவுக்கு இன்றும் சாவு காசுதான். நாள் கூலிக்குப் போனவர்களிலும் சொந்தமாக ஏதோ செய்து பிழைத்தவர்களிலும் பலருக்கு அதுவும் இல்லை, சங்கம் மட்டும்தான். அப்புறம் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள் போக வேண்டியவருக்குச் சிகிச்சை எப்படியோ கிடைத்தாலும், ஈப்போவுக்குப் போய்வர வண்டிச் செலவு யார் கொடுப்பது? நான் பொருளாளராக இருந்தபோது அதிகம் எழுதிய செலவு இந்த வண்டிச் செலவுதான். அடுத்தது கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள். கல்விக் கடன் பின்னால் கிடைக்கும், ஆனால் பதிவு நாளில் கட்ட வேண்டிய முதல் தொகை கையில் இருக்காது. பெரிய பணம் இல்லை, இருந்தாலும் அது இல்லாமல் இடத்தை விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

தமிழ்ப்பள்ளிக்கும் போகிறது. பல தமிழ்ப்பள்ளிகள் தோட்டத்து நிலத்தில் தொடங்கியதால் நிலம் அரசாங்கத்துடையது இல்லை, அதனால் பகுதி உதவிப் பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் கொடுக்கும், ஆனால் கட்டடத்துக்கும் மண்டபத்துக்கும் பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஊரும்தான் ஓட வேண்டும். கேன்டீன் நாள், கூப்பன், குலுக்கல், விருந்து எல்லாம் அதற்குத்தான்.

விருந்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நான் இருந்த காலத்தில் ஒரு பெரிய நிதி திரட்டும் விருந்து வைத்தோம். மேசைக்குப் பத்துப் பேர், மண்டபம், மேடை, பாட்டுக் குழு, பிரமுகருக்கு மாலை. வசூல் பெரிதாகத் தெரிந்தது, மேடையில் பெரிய காகிதக் காசோலை பிடித்துப் படமும் எடுத்தோம். மறுநாள் செலவைக் கழித்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. விற்றுத் தருகிறேன் என்று டிக்கெட் வாங்கிப் போனவர்களில் சிலர் பணமும் தரவில்லை, டிக்கெட்டும் தரவில்லை. அதே ஆண்டு நாலு ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பரும் தகரமும் சேகரித்து விற்றதில் கிட்டத்தட்ட அதே அளவு கிடைத்தது, செலவு லாரி எண்ணெய் மட்டும். விருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை, ஊர் ஒன்றுகூடுவதும் வேண்டியதுதான். ஆனால் மொத்த வசூலை மட்டும் அறிவித்துவிட்டுச் செலவை மறைப்பது கொடுத்தவர்களுக்குச் செய்கிற துரோகம்.

இதைவிட மோசமானதும் நடந்தது. ஒரு பொறுப்பாளர், பெயர் வேண்டாம், தன் வீட்டு நெருக்கடியில் சங்கப் பணத்தை எடுத்துப் புழங்கிவிட்டார். திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அந்த வாரம் ஒரு சாவு. பெட்டியில் பணம் இல்லை. அந்தக் குடும்பத்தின் முன்னால் நாங்கள் நின்றதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. நாலைந்து பேர் கைக்காசு போட்டுக் காரியத்தை முடித்தோம். கோபத்தில் பாதிப் பேர் சங்கத்தை விட்டே போனார்கள். திரும்பி வர ஆண்டுகள் ஆயின. அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தது யாருடைய மன்னிப்பும் இல்லை, மேடைப் பேச்சும் இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, கோயில் மண்டபப் பலகையில் வரவு செலவை ஒட்ட ஆரம்பித்தோம். யார் எவ்வளவு கொடுத்தார், யாருக்கு எதற்கு எவ்வளவு போனது, வங்கியில் என்ன இருக்கிறது. உதவி பெற்றவர் பெயரை மட்டும் எழுதுவதில்லை, 'மருத்துவ வண்டிச் செலவு, ஒரு குடும்பம்' என்று போடுவோம். காசோலைக்கு இரண்டு கையெழுத்து. அப்பா காலத்து இரண்டு பூட்டை நாங்கள் கைவிட்டதுதான் முதல் தவறு.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது அந்தப் பலகை எவ்வளவு உதவியது என்று தெரிந்தது. வீடு வீடாகப் போக முடியாது. வாட்ஸ்அப்பில் அதே வரவு செலவைப் போட்டோம். சிங்கப்பூரில் மாட்டிக்கொண்ட நம் ஊர்ப் பிள்ளைகள், கோலாலம்பூரில் இருப்பவர்கள், யாரென்றே தெரியாத சிலர்கூட வங்கி வழியாக அனுப்பினார்கள். 2021-இல் உதவி வேண்டுகிறவர்கள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டச் சொல்லி நாடு முழுவதும் இயக்கம் நடந்தபோது, எங்கள் தாமானில் கொடி கட்டக் கூச்சப்பட்ட வீடுகள் பல. அந்த வீடுகள் எவை என்று பெண்களுக்குத் தெரிந்திருந்தது. பிடி அரிசிக் காலத்திலும் அவர்களுக்குத்தான் தெரியும். இருட்டிய பிறகு அரிசிப் பையைப் பின்வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள்.

ஆகவே தம்பி, அடுத்த தடவை ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவரிடம் தயங்காமல் கேளுங்கள். சங்கத்தின் பதிவு எண் ரசீதில் அச்சாகியிருக்கிறதா, ரசீதுக்கு வரிசை எண் இருக்கிறதா, அடிக்கட்டையிலும் அதே தொகை எழுதுகிறாரா என்று பாருங்கள். பொது வசூல் என்றால் லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்கள். போன ஆண்டுக் கணக்கு எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேளுங்கள். ஒழுங்கான ஆள் என்றால் கோபப்படமாட்டார், உட்கார்ந்து விளக்குவார். விளக்க முடியாதவருக்குக் கொடுக்காதீர்கள்.

எங்கள் சங்கத்துப் பழைய நோட்டுகளில் இரண்டு இன்னும் கோயில் மண்டப அலமாரியில் இருக்கின்றன. ஓரம் கரையான் அரித்தது, ஆனால் பெயர்கள் படிக்கலாம். உங்கள் தாத்தா எந்தத் தோட்டம் என்று சொல்லுங்கள். முதல் ஞாயிறு காலை பூசை முடிந்ததும் வந்தால் நான் எடுத்துக் காட்டுகிறேன். அவர் பெயருக்கு நேரே மாதாமாதம் ஐம்பது காசு விழுந்திருக்கும்.